எத்தனை எண்டு சொல்லிப்போட்டு

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த பேணியை
மேசையில் கவிழ்த்துக் கொட்டினேன்.
இருபத்தெட்டுக்குப் பாவாடை நெளிந்திருந்தது.
ஈயம் அவ்வளவு மெது,
நகம் பட்டாலும் மறக்காது.

ஒவ்வொன்றும் ஒரு குட்டி உடுக்கு.
தட்டைத் தலை, ஒடுங்கிய இடை,
காற்றை வாங்கி விரியும் ஓரம்.
ஓரம் ஒரு மயிரளவு பிசகினால்
பத்து மீற்றரைத் தாண்டுவதற்குள் மனம் மாறிவிடும்.

நெளிந்ததுகளைப் பழகுவதற்கு ஒதுக்கிவிட்டு
மிச்சத்தோடு கன்னாதிட்டிக்குப் போனேன்.
மூச்சு விட்டால் எண் மாறுகிற தராசு
அங்கேதான், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

பத்தர் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
"தங்கமெண்டால் சேதாரம் போடுவன்,
ஈயத்துக்கு என்னத்தைப் போட?"
புள்ளி ஐந்து மூன்று ஒன்று.
புள்ளி ஐந்து மூன்று ஒன்று.
புள்ளி ஐந்து இரண்டு எட்டு.
தாலிக்கொடிக்குக் காத்திருந்த ஒரு அம்மா
எட்டிப் பார்த்துக் கேட்டா,
"உது என்ன, புது டிசைன் மூக்குத்தியோ?"

நகை சுற்றும் ரோஸ் தாளில் மூன்று பொட்டலம்.
மேலே பென்சிலால் எடை.
சைக்கிளில் திரும்பி வரும்போது
சட்டைப் பைக்குள் ஒரு கலியாணம் போல இருந்தது.

கொக்குவிலில் எங்கள் கழகத்துக்குக் கிடைத்தது
ஒரு பழைய புகையிலைக் கொட்டில்.
நீளம் மட்டும் சரி.
மழை நாளில் சுவரே தும்மல் வரவைக்கும்.

முதல் நாள்
முதல் சூட்டோடு பின்மதிலுக்கு மேலே ஒரு தலை.
குலவீரசிங்கம் அண்ணை. கையில் விளக்குமாறு.
"என்ன வெடி?"
"காத்து அண்ணை. வெறும் காத்து."
தலை இறங்கவில்லை.
துளை விழுந்த மட்டையைக் காட்டினோம்.
பார்த்தார். பிறகும் நின்றார்.
"சுடுங்கோ. ஆனா
எத்தனை எண்டு சொல்லிப்போட்டுச் சுடுங்கோ."

அன்றிலிருந்து நான் கூப்பிடுவேன், "அஞ்சு!"
அந்தப் பக்கம் கூட்டுகிற சத்தம் நிற்கும்.
ஐந்தும் முடிய மீண்டும் தொடங்கும்.

சைக்கிள் கடை வைசில் ரைபிளை இறுக்கி
மூன்று பொட்டலத்தையும் சோதித்தோம்.
ஐந்து மூன்று ஒன்று
ஐந்தும் ஒரே துளைக்குள்.
சட்டைப் பொத்தானால் மூடலாம்.
அப்படியென்றால் ஈயத்தில் பிழையில்லை.

என் தோளுக்கு வந்ததும்
நான்கு ஒன்றாய் இருக்கும்,
ஐந்தாவது இடப்பக்கம் மேலே, தனியாக.
பதினொரு மட்டை. பதினொன்றிலும் அதுவே.
பாதி மூச்சை விட்டேன், மீதியை வைத்தேன்.
விசையை இழுக்கவில்லை, பாரம் சேரவிட்டேன்.
கன்னம் வைத்த இடத்தில் சோக்கால் கோடு கீறினேன்.
நெஞ்சடிப்புக்கு நடுவில் ஒரு சந்து இருக்கிறது,
அதற்குள் விட்டேன்.
ஐந்தாவது போயிற்று.

மட்டைகளை வரிசையாக நிலத்தில் அடுக்கிப் பார்த்த
பாசையூர் டெல்சியாதான் சொன்னாள்:
"கடைசியெண்டு உனக்குத் தெரியுது, அதுதான்.
குண்டு குழலை விட்டு வெளிக்கிட முதலே
நீ மட்டையைப் பாக்கப் போயிடுறாய்."

எனக்கு எண்ணிக்கை தெரியக்கூடாது.
அவருக்குத் தெரியாமல் முடியாது.

இப்போது டெல்சியா மதிலடிக்குப் போய்
விரல்களை மட்டும் காட்டிவிட்டு வருகிறாள்.
நான் சுவரைப் பார்த்தபடி நிற்பேன்.
ரோஸ் தாளிலிருந்து ஒவ்வொன்றாய்
என் உள்ளங்கையில் வைப்பாள்.
வாங்குவேன், இடுவேன், விடுவேன்,
விட்ட பிறகும் குறியிலேயே நிற்பேன்,
இன்னொன்று வரும் என்று.

மதிலுக்கு அப்பால் ஒருவர்
எனக்காக எண்ணிக்கொண்டிருக்கிறார்.
இது நான்காவதோ ஏழாவதோ.
வேப்பஞ்சருகில் விளக்குமாறு மறுபடி உரசும்போதுதான்
எனக்குத் தெரியும்,
முடிந்தது.

மட்டையைப் பார்க்க
நான் அவசரப்படவில்லை.